எண்பத்தெட்டாவது ஓட்டு

எங்க தொகுதியப் பத்தி எழுதணும்னா ஏரியிலேருந்துதான் ஆரம்பிக்கணும். வீராணம் ஏரி. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். வெட்டியது யார் கை என்று சொல்லிக் கொடுக்கவில்லை. தெற்கு வடக்காக ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளம். காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழுந்து, அணைக்கரையில் தேங்கி, வடவாறு வழியாக ஏரிக்கு வருகிறது. ஏரியின் மதகுகள் வழியாக வாய்க்கால்களில் பிரிந்து கீழே இருக்கிற நஞ்சைக்குப் பாய்கிறது. மேட்டூரில் திறந்தார்கள் என்று செய்தி வந்தால் எங்க அம்மா விரல் விட்டு எண்ணும். இத்தனாவது நாள் வடவாத்துல தண்ணி, இத்தனாவது நாள் நாத்தங்கால், இத்தனாவது நாள் நடவு, இத்தனாவது நாள் கையில காசு. எங்களுக்கு நெலம் இல்ல. ஆனா தண்ணிக் கணக்கு எங்களுக்குத்தான் தெரியும்.

காட்டுமன்னார்கோயில் சட்டமன்றத் தொகுதி. ஒருபக்கம் கொள்ளிடம், ஒருபக்கம் ஏரி, நடுவுல குமராட்சி, லால்பேட்டை என்று ஊர்கள். லால்பேட்டை முஸ்லிம்கள் நிறைந்த ஊர். மற்ற ஊர்களில் எண்ணிக்கையில் பெருத்தவர்கள் வன்னியரும் பறையரும். ஊருக்கும் சேரிக்கும் நடுவே எப்போதும் ஒரு தண்ணீர் ஓடும். வாய்க்கால், வடிகால், ஓடை என்று எதாவது ஒன்று. மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி. ஏரி நிரம்பி வெள்ளியங்கால் ஓடையில் உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டாலும் சரி, கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தாலும் சரி, முதலில் பாய் நனைவது எங்களுக்குத்தான். தொகுதி வரைபடத்தில் இந்தப் பள்ளம் தெரியாது. மழைக்காலத்தில் வந்து பார்த்தால் தெரியும்.

இந்தக் காட்டுமன்னார்கோயில் ஒரு காலத்தில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். நாதமுனிகள் பிறந்த ஊர் என்று வைணவர்கள் கொண்டாடுவார்கள். பக்கத்தில் உடையார்குடிக் கோயிலில் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறித்த கல்வெட்டு இருக்கிறது. அதைப் பார்க்கப் பட்டணத்திலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். நந்தனார் பிறந்த ஆதனூரும் கொள்ளிடக் கரையில் இருப்பதாகத்தான் பெரியபுராணம் சொல்கிறது. ராஜா கொலைக்குக் கல்வெட்டு இருக்கு. நந்தனுக்குப் புராணம் இருக்கு. மடை அடைச்சவனுக்கும் நாத்து முடிஞ்சவளுக்கும் வாக்காளர் பட்டியல்தான் முதல் கல்வெட்டு. எங்க தாத்தா பேர் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது அதில்தான். பட்டாவில் ஏறவில்லை, பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஏறவில்லை.

தாத்தா 1952 தேர்தலைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போது முத்திரை குத்துகிற சீட்டு கிடையாது. ஆளுக்கொரு பெட்டி, பெட்டி மேலே சின்னம். நமக்குப் பிடித்த பெட்டியில் சீட்டைப் போட வேண்டியது. "ரெட்டைக் காளை பெட்டியில போட்டுட்டு வாங்கடான்னு ஆண்டை சொன்னாரு. களத்துமேட்டுல வரிசையா நிக்க வச்சு, வண்டியில ஏத்தி அனுப்புனாங்க. நாங்க அதுவரைக்கும் வண்டிய ஓட்டிதான் இருக்கோம், ஏறுனதில்ல" என்பார். அந்தத் தேர்தலில் ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களைப் பிடித்தது. பெரும்பாலும் எங்கள் தென்னாற்காட்டுப் பக்கம்தான். எண்ணிக்கை இருந்தால் கட்சி வரும், கட்சி வந்தால் மந்திரி பதவி வரும் என்று அந்த ஜனம் அப்போதே கண்டுகொண்டது. 1954இல் காங்கிரஸ் மந்திரிசபையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. எண்ணிக்கை எங்களிடமும் இருந்தது. வண்டியில் ஏற்றி அனுப்பப்பட்ட எண்ணிக்கை.

அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி என்று ஒன்று இருந்தது. ஒரே தொகுதியில் இரண்டு பேர் ஜெயிக்கலாம். அதில் ஒருவர் தாழ்த்தப்பட்டவராக இருக்கவேண்டும். அப்படித்தான் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தா சிதம்பரத்திலிருந்து சட்டசபைக்குப் போனார். காட்டுமன்னார்கோயில் மண்ணில் பிறந்த எல். இளையபெருமாள் 1952இல் கடலூரிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார். 1961இல் இரட்டை உறுப்பினர் முறையை ஒழித்தார்கள். பிறகு தனித் தொகுதிகள் தனியே பிரிந்தன.

'தனித் தொகுதி' என்கிற பேரைப் பாருங்கள். கேட்கிறவனுக்கு ஏதோ எங்களுக்கென்று தனியாக எழுதிக் கொடுத்தது போலத் தெரியும். அம்பேத்கர் கேட்டது தனி வாக்காளர் தொகுதி. எங்கள் ஆளை நாங்களே தேர்ந்தெடுப்பது. 1932இல் காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்து, பூனா ஒப்பந்தம் வந்து, கிடைத்தது வேறு. நிற்கிறவன் எங்கள் ஆள். அவனைப் பொறுக்குகிறவர்கள் எல்லோரும். எந்தக் கட்சியாக இருந்தாலும் ஊர்த்தெரு ஓட்டு விழாத ஆளை நிறுத்தாது. ஊர்த்தெரு ஓட்டு விழவேண்டுமென்றால் அந்த ஆள் எப்படி இருக்கவேண்டும்? குரல் உயர்த்தாதவனாக, திண்ணையில் உட்காராதவனாக, "நம்ம பையன்தான், நல்லவன்" என்று பேர் வாங்கினவனாக இருக்கவேண்டும். இளையபெருமாளுக்கு அந்தப் பேர் கிடைக்கவில்லை. 1965இல் மத்திய அரசு தீண்டாமை பற்றி ஆராய அவர் தலைமையில் குழு போட்டது. இந்தியா முழுக்கச் சுற்றிவிட்டு 1969இல் அறிக்கை கொடுத்தார். நாடு முழுக்கப் பார்த்ததை அவர் பிறந்த ஊர்ப்பக்கத்திலேயே பார்த்திருக்கலாம்.

எனக்கு நினைவு தெரிந்த முதல் தேர்தல் 1989, தை மாசம். சம்பா அறுப்பு நேரம். காலையில் அரிவாளோடு கிளம்பிய அம்மா, மத்தியானம் கட்டுத் தூக்கிப் போட்டுவிட்டு, கால் சேறு காயாமல் ஓட்டுப் போடப் போனது. நானும் பின்னாடியே ஓடினேன். சாவடி ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்தில். எங்கள் தெருவிலிருந்து வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, ஊர்த்தெருவின் முழு நீளத்தையும் நடந்தால்தான் அங்கே போகமுடியும். அந்தத் தெருவில் அம்மா செருப்புப் போட்டு நடந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் வெறுங்கால்தான். ஆனா அன்னைக்கு நடந்த நடை வேற. இளையபெருமாள் ஆரம்பித்த மனித உரிமைக் கட்சியின் ஆள் நிற்கிறார் என்று பெண்களெல்லாம் கூட்டமாகப் போனார்கள். அந்தத் தேர்தலில் அந்தக் கட்சி எங்கள் தொகுதியில் ஜெயித்தது. ராத்திரி சேரியில் பறை அடித்தார்கள். சாவுக்கு இல்லாமல், எவன் கூப்பிட்டதற்கும் இல்லாமல், எங்களுக்காக எங்கள் ஆட்கள் பறை அடித்ததை அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகக் கேட்டேன்.

பத்து வருசம் கழித்து 1999. பார்லிமெண்ட் தேர்தல். எங்கள் சட்டமன்றத் தொகுதி சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. அதுவரை தேர்தலே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த விடுதலைச் சிறுத்தைகள் முதல்முறையாக இறங்கினார்கள். திருமாவளவன் தமிழ் மாநில காங்கிரஸின் சைக்கிள் சின்னத்தில் நின்றார். அந்த செப்டம்பரில் சிதம்பரம் தொகுதியில் நடந்தது ஏட்டில் இருக்கிறது. பல ஊர்களில் சேரிகள் தாக்கப்பட்டன, குடிசைகள் எரிந்தன, எத்தனையோ பேர் ஓட்டுப் போட முடியாமல் துரத்தப்பட்டார்கள். ஏட்டில் இல்லாதது எங்கம்மா கதை. அதை நான் எழுதுகிறேன். ஊர்ப் பேர் வேண்டாம். அந்த ஊரிலேதான் இன்னும் எங்க ஜனம் இருக்கிறது.

காலை ஏழு மணிக்கே பாலத்து முனையில் இருபது முப்பது பேர் கம்போடு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் போன பொம்பளைகளை மறித்து, "எங்க போறீங்க, ஒங்க ஓட்டெல்லாம் விழுந்தாச்சு, திரும்பிப் போங்க" என்றிருக்கிறார்கள். அம்மா கையில் இருந்த பூத் சீட்டைக் காட்டி, "எம் பேரு இருக்கு, நான் போடணும்" என்றது. சீட்டைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டான் ஒருத்தன். அம்மா வயல்ல நடவு நட்ட வீட்டுப் பையன். இடுப்பில் தூக்கி வைத்திருந்த பிள்ளை. அம்மா வாய்க்காலில் இறங்கிச் சீட்டைத் தேடியது. அதற்குள் கல் விழ ஆரம்பித்துவிட்டது. நெற்றியில் ரத்தத்தோடு திரும்பி வந்தது. சாவடியில் போலீசு இருந்தது. பாலத்தில் போலீசு இல்லை. சாவடிக்குள்ள சண்டை நடந்தாத்தான் அது தேர்தல் கலவரம். பாலத்துல நடந்தா அது ஊர்ச் சண்டை.

அன்றைக்கு ராத்திரி அடுப்பு வெளிச்சத்தில் அம்மா தன் இடதுகை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. மை இல்லாத விரல். "என் ஓட்ட எவன்டா போட்டிருப்பான்?" என்று ஒரே ஒரு தரம் கேட்டது. எனக்கு இருபத்தி நாலு வயசு. பதில் தெரியும். சொல்லவில்லை. அந்தத் தேர்தலில் திருமாவளவன் தோற்றார். இரண்டேகால் லட்சத்துக்கும் மேலே ஓட்டு வாங்கித் தோற்றார். பாலத்தைத் தாண்ட முடிந்தவர்கள் போட்டது அது. தாண்ட முடியாதவர்கள் கணக்கு எந்த இயந்திரத்திலும் கிடையாது.

அதற்குப் பிறகு நான் ஊரில் இருக்கவில்லை. மெட்ராசுக்குப் போனேன், சென்ட்ரிங் வேலைக்கு. எனக்குப் பின்னாலேயே எங்கள் தெருவில் பாதி ஆம்பிளைகள் கிளம்பினார்கள். மெட்ராசு, திருப்பூர், கேரளா. 2004இல் எங்க ஏரித் தண்ணியும் எங்க பின்னாடியே மெட்ராசுக்கு வந்தது. புதிய வீராணம் திட்டம். 230 கிலோமீட்டருக்கு மேல் குழாய். ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் என்று கணக்கு. அதற்கு முன்னால் அறுபதுகளின் கடைசியில் ஆரம்பித்து நின்றுபோன பழைய திட்டத்தின் ராட்சசக் குழாய்கள் ரோட்டோரமாகக் கிடந்தன. வீடில்லாத ஜனம் அதற்குள் குடித்தனம் நடத்தியது. தண்ணி போகவேண்டிய குழாயில் மனுசன் குடியிருந்தான். பிறகு தண்ணி போனது. போரூர்ப் பக்கம் ஒரு கட்டடத்தில் வேலை பார்த்தபோது, தொட்டித் தண்ணியைக் காட்டி மேஸ்திரி, "இது வீராணம் தண்ணிடா, ஒங்க ஊருது" என்றார். கையில் அள்ளிக் குடித்தேன். ஊர் வாசம் ஒன்றும் இல்லை. மருந்து வாசம்தான்.

2006இல் விடுதலைச் சிறுத்தைகள் காட்டுமன்னார்கோயிலைப் பிடித்தார்கள். ஜெயித்தவர் ரவிக்குமார், 'நிறப்பிரிகை' இதழோடு அறியப்பட்ட எழுத்தாளர். அதற்கு முன்பே எங்கள் சேரிக்குத் தனிச் சாவடி வந்துவிட்டது. காலனிப் பள்ளிக்கூடத்திலேயே ஓட்டு. பாலத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அம்மா போன் போட்டு, "மை வச்சிட்டாங்கடா" என்றது. யாருக்குப் போட்டேன் என்று சொல்லவில்லை, யார் ஜெயிப்பார் என்று கேட்கவில்லை. மை வைத்ததைத்தான் சொன்னது. 2011இல் அ.தி.மு.க.வின் முருகுமாறன் ஜெயித்தார். ஜெயிப்பதும் தோற்பதும் வரும், போகும் என்று நினைத்துக்கொண்டோம்.

2016க்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன். மே 16, திங்கட்கிழமை. மக்கள் நலக் கூட்டணி சார்பில் திருமாவளவனே எங்கள் தொகுதியில் நின்றார். மோதிரம் சின்னம். ஓட்டுப் போடுகிற நாள் கூலியோடு லீவு கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தினக்கூலிக்கும் உண்டு. மேஸ்திரி, "செவ்வாக்கிழம தளம் போடணும், ஆளு கொறஞ்சா ஓனர் கத்துவான், போறவன் அப்படியே போயிடு" என்றார். அவர்மேல் மட்டும் பழி போட எனக்கு மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கோயம்பேட்டில் பஸ் ஏறியிருக்கலாம். திங்கட்கிழமை காலையில் போட்டுவிட்டு ராத்திரியே திரும்பியிருக்கலாம். ஒருநாள் கூலி, போக வரச் செலவு என்று கணக்குப் பார்த்தேன். பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய சாக்கு ஒன்று உள்ளே இருந்தது: என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது.

மே 19ஆம் தேதி சாரத்தில் நின்றுகொண்டு செல்போனில் கேட்டேன். முருகுமாறன் 48,450. திருமாவளவன் 48,363. வித்தியாசம் 87.

தமிழ்நாடு பூராவும் அன்றைக்குப் பேசியது அதைத்தான். எண்பத்தேழு ஓட்டு. நான் சாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். என்னோடு எங்கள் தெருப் பையன்கள் அஞ்சு பேர் அதே கட்டடத்தில் இருந்தார்கள். ஒருத்தனும் ஊருக்குப் போகவில்லை. ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கவில்லை.

ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அது போட்டிருந்தது. நடக்க முடியாத முழங்காலோடு கம்பு ஊன்றிப் போய்ப் போட்டிருந்தது.

"எத்தினி ஓட்டுல போச்சு?"

"எண்பத்தேழும்மா."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. லைன் கட்டாயிடுச்சோ என்று பார்த்தேன். பிறகு முனகுவது போலப் பேர் சொல்ல ஆரம்பித்தது. மேலத்தெரு முனையிலிருந்து வீடு வீடாக. அந்த வீட்டுப் பெரியவன் திருப்பூரு, சின்னவன் கேரளா. அந்த வீட்டுல மருமவனும் மவளும் செங்கல் சூளை. அந்த வீடு பூட்டியே கெடக்கு. தண்ணி வருகிற நாளை எண்ணுகிற மாதிரியே விரல் விட்டு எண்ணியது. எங்கள் ஒரு தெருவில் மட்டும் முப்பத்தொன்று வந்தது. என் பேரைச் சொல்லவில்லை. சொல்லாமலே கணக்கில் சேர்த்துவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

"நம்ம மாதிரி மூணு தெரு" என்றது. "வேற ஒண்ணும் வேணாம். மூணே தெரு."

திட்டியிருக்கலாம். 1999இல் பாலத்தில் கல்லடி பட்டவளுக்குத் திட்ட உரிமை இருக்கிறது. எங்கம்மா ஓட்டை அன்றைக்கு வழிமறித்துப் பிடுங்கினார்கள். என் ஓட்டை யாரும் பிடுங்கவில்லை. நானாக அதை ஒரு நாள் கூலிக்கு விட்டுவிட்டேன். அந்தக் கூலிக்கு என்ன வாங்கினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

இதில் என் குற்றம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் ஜனத்துக்கு நிலம் இருந்திருந்தால் நான் ஏன் போரூரில் பலகை அடிக்கப் போகிறேன்? முந்தின நவம்பரில்தான், 2015 வெள்ளத்தில், கடலூர் மாவட்டமே மிதந்தது. அதற்குப் பிறகு வேலை இல்லாமல் கிளம்பியவர்கள் எத்தனையோ பேர். பள்ளத்தில் குடிவைத்தவன், நிலம் கொடுக்காதவன், கூலிக்கு ஊர் ஊராக அலையவிட்டவன் எல்லோரும் அந்த எண்பத்தேழில் இருக்கிறார்கள். பாலத்தில் கம்போடு உட்கார்ந்து செய்ததை இப்போது பசி செய்கிறது. கம்புக்கு எதிராக எழுத்து எழுதினோம், கேஸ் போட்டோம், சாவடியைக் காலனிக்குக் கொண்டுவந்தோம். இதற்கு என்ன செய்யப்போகிறோம் என்று நம் ஆட்கள் உட்கார்ந்து பேசவேண்டும். மேடையில் எழுச்சியாகப் பேசுவது ஒரு வேலை. பூட்டிக் கிடக்கிற வீடுகளைக் கணக்கெடுத்து, திருப்பூரிலிருந்து வண்டி வைத்துக் கூட்டி வருவது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு ஆள் நிறைய இருக்கிறோம்.

2019இல் சிதம்பரம் நாடாளுமன்றத் தேர்தல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். ஓட்டுப் பதிவு நாளான ஏப்ரல் 18 அன்று அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் சேரி வீடுகளை உடைத்தார்கள். இருபது வருசத்துக்கு அப்புறமும் பாலம் அப்படியேதான் இருந்தது, கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அந்தத் தேர்தலில் நான் இரண்டு நாள் முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டேன். எங்கள் கட்டடத்திலிருந்து ஒன்பது பேர். அவர் 3,219 ஓட்டில் ஜெயித்தார். 2021 சட்டமன்றத் தேர்தலில் அதே பானைச் சின்னத்தில் சிந்தனைச்செல்வன் எங்கள் தொகுதியைப் பிடித்தார்.

2021இல் அம்மா இல்லை. அதற்கு முந்தின வருசமே போய்விட்டது. நான் காலனிப் பள்ளிக்கூட வரிசையில் நின்றேன். அதிகாரி பட்டியலைப் புரட்டும்போது என் பேருக்கு மேலே அம்மா பேர் இருந்தது. இன்னும் நீக்கவில்லை. போட்டோவில் நெற்றித் தழும்பு தெரிந்தது.

"இவங்க?" என்றார்.

"இறந்துட்டாங்க, அடிச்சிடுங்க" என்றேன்.

பேனாவால் கோடு போட்டார். யாரும் அந்தப் பேரில் வந்து போட்டுவிடக்கூடாது என்று அவர் கோடு போட்டு முடிக்கும்வரை நின்று பார்த்தேன். பிறகு விரலை நீட்டினேன்.